எனக்குப் பதிலாகச் சின்னய்யா

வாயைத் திறக்காத மனிதனை ஊர் நல்லவன் என்று முடிவுகட்டிவிடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லாததால் கொடுக்கிற பட்டம் அது. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டே நான் ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்லக் கூச்சப்பட்டே பாதி நாள் வராதவன் ஆனேன். (முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட். எப்படி இருக்கிறது?) பத்தாவது முடித்ததும் முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊரிலேயே மிளகாய் போட ஆரம்பித்தேன். மிளகாய்ச் செடி யாரையும் பேசச் சொல்வதில்லை.

பெண் பார்க்கப் போனபோதும் நான் பேசவில்லை. அது என் குறை மட்டுமல்ல, எங்கள் பக்கத்து வழக்கமே அதுதான். கல்யாணமோ, கல்யாணத்தில் வந்த சண்டையோ, சம்பந்தப்பட்டவன் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்க, அவன் தரப்பில் பெரியவர் ஒருவர் பேசுவார். என் தரப்பில் பேசுகிறவர் அப்பாவின் தம்பி, வேலுச்சாமிச் சின்னய்யா. காளீஸ்வரியை எனக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் வீட்டில் சொன்னதும் அவர்தான். அதற்குப் பிறகு அந்தச் செய்தியை நான் நேரில் ஒருமுறை சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே தெரிவித்தாகிவிட்டதே என்று இருந்துவிட்டேன்.

மழை ஏமாற்றி மிளகாய் கருகிய ஒரு வருடம், காளீஸ்வரியின் தம்பி இராமேஸ்வரத்திலிருந்து போன் செய்தான். அவன் அங்கே ஒரு லாட்ஜில் மேனேஜர். அறைகளைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும், அக்கா வருவாளா என்று கேட்டான். அவள் என்னிடம் வந்து, "போகவா?" என்றாள்.

"உன் இஷ்டம்" என்றேன்.

இதைவிட மரியாதையான பதில் உலகத்தில் இல்லை என்று அப்போது நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பையை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

அவள் போன பிறகுதான் வீட்டில் எத்தனை சத்தங்கள் இருந்தன என்று தெரிந்தது. குழம்பு தாளிக்கிற சத்தம், கோழியைத் திட்டுகிற சத்தம், என்னைத் திட்டுகிற சத்தம். முதல் மாதம் போனாள், வந்தாள். அடுத்த மாதம் வேலை என்றாள். பிறகு சொல்வதையும் நிறுத்திவிட்டாள். போனில் "சாப்டீகளா?" என்பாள். "ம்" என்பேன். இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு அவளே வைத்துவிடுவாள்.

பார்க்கலாம் என்று கிளம்பிப் போகாமல் இல்லை. இராமேஸ்வரத்தில் இறங்கியதும் கால் லாட்ஜ் பக்கம் போக மறுக்கும். வந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று கடலில் குளித்து, கோவிலுக்குள் தீர்த்தம் தீர்த்தமாக நனைந்து, தும்மிக்கொண்டே ஊர் திரும்புவேன். (அந்த வருடம் நான் சேர்த்த புண்ணியத்துக்கு என் பேரப்பிள்ளைகள்வரை பாவம் செய்யலாம்.) ஒருமுறை மட்டும் தெருமுனையில் நின்று பார்த்தேன். லாட்ஜ் மொட்டைமாடியில் அவள் வெள்ளை விரிப்புகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். காற்று விரிப்பைத் தூக்கும்போது முகம் தெரிந்தது. இறங்கும்போது மறைந்தது. அடுத்த காற்றுக்காக நின்றேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மதுரையில் நர்சிங் படிக்கிற எங்கள் மகள் சுகன்யாவால் இதைத் தாங்க முடியவில்லை. ஒரு ஆராய்ச்சிக் குழு இராமநாதபுரத்துக்கு வருகிறது, உங்கள் இருவர் பெயரையும் கொடுத்திருக்கிறேன் என்றாள். மனத்தாங்கல் உள்ள கணவன் மனைவிக்கு ஆலோசனை கொடுத்தால் உறவு எந்த அளவுக்குச் சீராகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. முதல் நாள் இருவரையும் ஒரு அறையில் விட்டு, தங்களுக்குள் உள்ள ஒரு குறையைப் பேசச் சொல்லி ஒலிப்பதிவு செய்வார்கள். பிறகு வாராவாரம் ஆலோசனை. முடிவில் மறுபடி ஒரு பதிவு. முதல் பேச்சையும் கடைசிப் பேச்சையும் வேறு ஊரில் உட்கார்ந்து கேட்டு ஒப்பிடுவார்கள். அம்மா வர ஒத்துக்கொண்டாள் என்றும் சொன்னாள்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வருகிறாள். வாராவாரம் வருவாள். ஆலோசனை பலித்தால் ஒரேயடியாக வந்துவிடுவாள். விஷயம் இவ்வளவு பெரியது என்பதால் நானே பேசிக் கெடுத்துவிடக் கூடாது என்று முடிவு செய்தேன். சின்னய்யாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

சின்னய்யாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனால் தலைக்கு மை பூசுவார், மீசையை முறுக்குவார், சட்டையில் மடிப்புக் கலையாது. பக்கத்தில் நரைத்த தலையோடு நான் நின்றால் அவருக்கு அண்ணன் என்பார்கள். இடம் ஒரு பழைய டைப்ரைட்டிங் நிலையத்தின் மாடி. காளீஸ்வரி முன்னாலேயே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். புதிதாக ஒரு நீலச் சேலை. நன்றாயிருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். (நினைத்தேன்.)

ஆராய்ச்சிக்காரப் பெண் கதவைத் திறந்து, "முருகேசன், காளீஸ்வரி யாரு?" என்று கேட்டாள்.

"வந்துட்டோம்த்தா" என்று சின்னய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

காளீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன். விறுவிறுவென்று எழுந்து சின்னய்யாவோடு உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண் கருவியை ஓடவிட்டு, தனியாகப் பேசட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனாள். எல்லாம் முறைப்படி நடப்பதாகவே எனக்குப் பட்டது. கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றேன்.

கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை.

"சொல்லுத்தா, என்ன கொறை? குடியா, கைநீட்டுறதா?" என்று சின்னய்யா கேட்டார்.

"ஒண்ணுமில்ல மாமா. அவுக ஒண்ணுமே செய்யல. அதான் கொறை."

"ஒண்ணுமே செய்யாதவன் நல்லவன்தானத்தா."

"போகவான்னு கேட்டேன். உன் இஷ்டம்னாக. பஸ்ஸு வார வரைக்கும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னேன் மாமா. வேணாம், இங்கனயே இருன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா பைய எறக்கி வச்சிருப்பேன். எனக்கென்ன லாட்ஜு மேல ஆசையா?"

சின்னய்யா பெருமூச்சு விட்டார். பிறகு தன் சம்சாரத்திடம் தானே வாங்கிக் கட்டிக்கொண்ட ஏதோ ஒரு பழங்கதையை எடுத்துவிட்டார். காளீஸ்வரி சிரித்தாள். எத்தனையோ மாதங்களாகக் கேட்காத சிரிப்பு. கதவுக்கு அந்தப் பக்கம் வேறொருவருக்காக அவள் சிரித்துக்கொண்டிருக்க, நான் இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கு மேல் முடியவில்லை. இங்கனயே இரு. இரண்டே வார்த்தை. மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நன்றாகவே வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சின்னய்யா நிமிர்ந்தார். காளீஸ்வரி பாதிச் சிரிப்போடு என்னைப் பார்த்தாள். மேசைமேல் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"டீ சொல்லவா?" என்றேன்.

"எனக்குச் சீனி கம்மியா" என்றார் சின்னய்யா.

சத்தம் கேட்டு அந்தப் பெண் ஓடிவந்தாள். "ரெக்கார்டிங் ஓடுதுண்ணே, இப்பப் போய் டீ கேக்குறீங்களே" என்று கடிந்துகொண்டாள். நான்தான் கணவன் என்று சொல்ல அருமையான சந்தர்ப்பம். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். படி இறங்கும்போது, "எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்கண்ணே" என்று குரல் கொடுத்தாள். கீழே போய் வாங்கி வந்தேன். டம்ளரை வாங்கும்போது காளீஸ்வரி என் முகத்தைப் பார்க்கவில்லை. குடித்து முடித்ததும், இராமேஸ்வரத்தில் ஆள் வந்திருக்கும், அறை கொடுக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

சில வாரம் கழித்து, நான் வயலில் நிற்கும்போது அந்தப் பெண் போன் செய்தாள். பதிவைக் கேட்டவர்களுக்கு ரொம்பத் திருப்தியாம். மனைவி மனம்விட்டுப் பேசுகிறாராம், கணவர் குறுக்கே பேசாமல் கேட்டு, சிரிக்கவும் வைக்கிறாராம். மனைவிக்கு யாரோ ஒரு உறவுக்காரர்மேல்தான் வருத்தமே தவிர, கணவன் மனைவிக்குள் எந்தக் குறையும் தெரியவில்லையாம். ஆகவே எங்களுக்கு ஆலோசனை தேவைப்படாது, ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது என்றாள்.

"நடுவுல அந்த டீக்காரர் வேற வந்து கெடுத்துட்டாரு சார். இருந்தாலும் அருமையா பேசுனீங்க. அந்த உறவுக்காரர்ட்ட மட்டும் கொஞ்சம் தள்ளியே இருங்க."

"சரிம்மா" என்றேன்.

வாராவாரம் வரப் போகிறவள் இனி வரமாட்டாள். வரப்பிலேயே உட்கார்ந்து, அவள் கூப்பிடுவதற்குக் காத்திருக்காமல் நானே அவளைக் கூப்பிட்டேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அது பெரிய நிகழ்ச்சி. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து அவள் பதறினாள்.

"ஒண்ணுமில்ல. நம்மள அதுல சேக்க மாட்டாகளாம். நாம நல்லா இருக்கமாம்."

"யாரு, நாமளா?"

"நீயும் சின்னய்யாவும்."

மறுமுனையில் அவள் மெல்ல ஆரம்பித்து, மூச்சுத் திணறுகிறவரை சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு என்பதால் தைரியம் வந்து மிச்சத்தையும் சொன்னேன். யாரோ உறவுக்காரன் ஒருவன் இருக்கிறானாம், அவனிடமிருந்து தள்ளி இருக்க வேண்டுமாம்.

"பாம்பன் பாலத்துக்கு இங்கிட்டு வந்து கெடக்கேன். இதுக்கு மேல எங்கன தள்ளிப் போக, கடலுக்குள்ளயா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கடைசி வார்த்தையில் மட்டும் குரல் உடைந்தது.

அந்த வாரக் கடைசியில் வந்தாள். ஒரேயடியாக வந்துவிடவில்லை. மகள் படிப்பும் கல்யாணமும் முடிகிறவரை லாட்ஜ் வேலையை விடுவதற்கில்லை என்றாள். சனிக்கிழமை மாலை வருவாள், ஞாயிற்றுக்கிழமை மாலை போவாள். இன்றுவரை அப்படித்தான்.

நான் அசடு வழிந்த கதையைச் சின்னய்யா எந்த விசேஷ வீட்டிலும் சொல்லாமல் விடுவதில்லை. எங்கள் சொந்தத்தில் யாராவது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் முழித்துக்கொண்டு நின்றால், "என்னப்பா, டீ சொல்லவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். போன வருடம் சுகன்யாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே இருந்ததைப் பார்த்து அவளே அப்படிக் கேட்டுவிட்டாள். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. காபி போதும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு வரை காளீஸ்வரியோடு போகிறேன். இராமேஸ்வரம் பஸ் வந்து நிற்கும். அவள் பையை எடுப்பாள். அந்த இரண்டு வார்த்தை இன்னமும் தொண்டைவரைதான் வருகிறது.

"டீ சொல்லவா?" என்பேன்.

ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்ப்பாள். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு, "சொல்லுங்க" என்பாள். பஸ் போய்விடும். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து, எவ்வளவு மெதுவாகக் குடிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் குடிப்போம். ஆனால் இந்த இராமேஸ்வரத்துக்கு மட்டும் எதற்கு இத்தனை பஸ் விடுகிறார்கள் என்று தெரியவில்லை. டம்ளர் காலியாவதற்குள் அடுத்தது வந்து நின்றுவிடுகிறது.