என் முதுகு வலி: இரண்டாம் பாகம்

என்னை ஏமாற்ற இன்னொருத்தன் பிறந்து வர வேண்டும். பழைய மரச்சாமான் வாங்கி விற்கிறேன். கால் ஆடும் நாற்காலியைக் கூட, "தாலாட்டுற நாற்காலி சார்" என்று தலையில் கட்டியவன் நான்.

போன வருஷம் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, வீடு மாற்றினான். அவனிடம் ஓர் இரும்பு பீரோ உண்டு. யானைக்குப் பெயின்ட் அடித்து நிறுத்தியது மாதிரி இருக்கும். தூக்கக் கூப்பிட்டான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்றேன். ஒரே ஒரு "ஸ்ஸ்". மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆட்டம் குளோஸ்!

இந்த வருஷம் மறுபடி மாற்றுகிறான். அதே பீரோ.

சனிக்கிழமை கடையை மூடிவிட்டு அவளோடு ஒரு படத்தின் இரண்டாம் பாகம் பார்த்தேன். மலை பறந்தது. கடல் எழுந்து நின்றது. எனக்கு வாய் மூடவில்லை. அவளுக்கும்தான். கொட்டாவி.

"முதல் பாகத்துல ஹீரோ அம்மாவோட செருப்பைத் தேடி அலைஞ்சான், அழுதேன். இதுல உலகமே அழியுது, எதுக்குன்னே தெரியலையே?"

"ரசனை கெட்டவளே! கிராபிக்ஸைப் பாருடி!"

"பார்த்தேங்க. கதையைத்தான் காணோம்."

இவளுக்கு என்ன தெரியும்? அங்கேயே முடிவு செய்தேன். நம் இரண்டாம் பாகமும் பிரம்மாண்டம்தான். மருந்துக்கடைக்காரரிடம் "நூல் பிரிஞ்சிருக்கு" என்று சண்டை போட்டே கழுத்துப் பட்டையைப் பாதி விலைக்கு வாங்கினேன். கையைத் தொங்கவிடத் துணித் தொட்டில். முழங்காலுக்குக் கட்டு, அதன் மேல் சிவப்பு மை. ஓர் ஊன்றுகோல் இரவல்.

ஞாயிறு காலை சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"ஐயையோ! என்னங்க ஆச்சு?"

வாயைத் திறந்தேன். எல்லாம் தயார் செய்தவன் கதையை மட்டும் தயார் செய்யவில்லை.

"கடையில... கட்டில் விழுந்துடுச்சு."

"இன்னிக்குக் கடை லீவு."

"நேத்து விழுந்துச்சு!"

"நேத்து என்கூடதானே சினிமாவுக்கு வந்தீங்க? காலையில எழுந்ததும்கூட ஸ்டூல்ல ஏறி பல்பு மாட்டுனீங்களே?"

"வலி மெதுவாத்தாண்டி ஏறும்! பெரிய கட்டிலு!"

கத்தினேன். சரக்கு சொத்தையானால் சத்தத்தைக் கூட்டுவதுதான் என் தொழில். பட்டையைப் பார்த்தாள். கட்டைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"சரி, நீங்க எதையும் தூக்க வேணாம். தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

வெற்றி! சோபாவில் காலை நீட்டினேன். ராஜா கூட அப்படிச் சாய்ந்திருக்க மாட்டான். அப்போது மாடிப்படியில் 'டமார்' என்றது.

"என்னடி சத்தம்?"

"பீரோ ஏறுது. நம்ம மாடி போர்ஷனுக்குத்தான் தம்பி குடி வர்றான். சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்க கட்டோட வந்து நின்னுட்டீங்க."

மச்சான் எட்டிப் பார்த்தான்.

"மாமா! பெரிய கட்டிலாமே! பட்டையை ஆறு வாரம் கழட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராமே?"

எந்த டாக்டர்? மனைவியை முறைக்கத் திரும்பினேன். பட்டை விடவில்லை. அவளே குனிந்து காதோடு சொன்னாள்:

"கழட்டணும்னா கழட்டுங்க. பீரோ இன்னும் பாதிப் படியிலதான் நிக்குது."

மச்சான் தினமும் எட்டிப் பார்க்கிறான்; பட்டையோடு இது நாலாவது வாரம். கழுத்து இப்போது நிஜமாகவே வலிக்கிறது. காலையில் "ஸ்ஸ்" என்றேன்.

"கதை என்னங்க?" என்கிறாள்.