சாவகச்சேரியில் எனக்கொரு மாபிள் கல்

பங்குச் சந்தையில் காசைத் தொலைத்தவர்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் காலையில் வகுப்பில் ‘முதலீட்டைப் பிரித்துப் போட வேண்டும், பிள்ளைகளே’ என்று படிப்பித்துவிட்டு, பின்னேரமே முழுக் காசையும் ஒரே ஹோட்டல் கொம்பனியில் போட்ட வணிகக்கல்வி ஆசிரியர் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

என் காசென்றாலும் பரவாயில்லை. என் மனைவி வதனி புகையில்லாமல் சமைக்கப் புதுக் குசினி கட்டவென்று சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு அது. கொரோனா வந்தது, உல்லாசப் பயணிகள் வரவில்லை. கொரோனா போனது, கூடவே நாட்டில் பெற்றோலும் இல்லாமல் போய்விட்டது. குசினியில் பாதி கரைந்துவிட்டது. (அத்திவாரமே போடாத குசினி கரைந்ததைக் கண்டவன் நான்தான்.) வதனி ஏசவில்லை. பழைய குசினிப் புகைக்குள் நின்று, எனக்குக் கேட்கும்படி இருமினாள்.

மிச்சக் காசை என்ன செய்வது? பங்கிலேயே விட்டால் ஏறலாம், ஏறாமலும் போகலாம். அப்போதுதான் ஒரு கட்டட நிதியம் பற்றி அறிந்தேன். பலர் சேர்ந்து காசு போட்டால் அவர்கள் கட்டடங்கள் வாங்கி, வாடகையைப் பிரித்துத் தருவார்கள். முதலில் சின்னத் தொகை ஒன்றைப் போட்டுவிட்டு வதனியிடம் சொன்னேன்.

“காணி உறுதிப்பத்திரம் எங்கை?” என்றாள்.

“இதுக்கு உறுதி இல்லையப்பா. கணக்கிலைதான் இருக்கும்.”

“அப்ப எல்லை? கிணத்திலை பங்கு?”

நிதியத்தின் கடைத்தொகுதி ஒன்று சாவகச்சேரியில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம் என்று சுன்னாகத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். காணி பார்க்கப் போகிறவன் வெறுங்கையோடு போவதா? அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டேன்.

வதனி ஒரு முனையைப் பிடிக்க, முன்பக்கத்தை அளந்தேன். துணிக்கடைப் பொம்மை ஒன்று சேலை கட்டிக்கொண்டு வெளியே நின்றது.

“உந்தப் பொம்மையை உள்ளுக்கு எடுங்கோ. எல்லை தாண்டி நிக்குது.”

கடைக்காரர் பதறிப்போனார். “ஐயா நகரசபையோ?”

இல்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். “இல்லை. காணிச் சொந்தக்காரர்” என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். இருக்கக் கதிரை வந்தது, குடிக்கச் சோடா வந்தது, பிறகு மற்றக் கடைக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். மேல்மாடி ஒழுகுகிறதாம். மலசலகூடம் அடைத்துக் கிடக்கிறதாம்.

“எத்தினை தரம் போன் பண்ணினனாங்கள்! இண்டைக்குத்தான் சொந்தக்காரரின்ரை முகத்தைக் காணுறம். வாங்கோ ஐயா, வந்து பாருங்கோ!” என்று பேக்கரிக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துப் போனார். சோடாப் போத்தலோடு மலசலகூடத்தைப் பார்வையிட்டேன். சோடா அதற்குப் பிறகு இறங்கவில்லை.

யாரோ தகவல் சொல்லி, கட்டடத்தின் மனேஜர் ஓடி வந்தார். நிதியத்தில் நான் வைத்திருந்த அலகுகள் எத்தனை என்று கேட்டார். மெதுவாகச் சொன்னேன். போனில் கணக்குப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தார்.

“பிழையா எடுக்காதேங்கோ ஐயா. உங்கடை பங்குக்கு உந்த மாபிள் கல்லிலை ஒண்டு வரும். அதுவும் முழுசா வராது.”

துணிக்கடைக்காரர் உள்ளே எடுத்து வைத்திருந்த பொம்மையைத் தூக்கிவந்து பழைய இடத்திலேயே வைத்தார்.

அப்போது வதனி சிரித்தாள். நாடாவின் முனையைப் பிடித்தபடியே, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஹோட்டல் பங்கு விழுந்த பிறகு நான் கேளாத சிரிப்பு அது. மானம் போன இடத்தில் நின்றுகொண்டு நான் சந்தோஷப்பட்டேன்.

திரும்பி வரும்போது பின் இருக்கையிலிருந்து சொன்னாள்: “இஞ்சருங்கோ, கூரை ஒழுகுது, கக்கூஸ் அடைச்சிருக்கு. எண்டாலும் ஒரு கடையும் பூட்டிக் கிடக்கேல்லை, கண்டனீங்களோ? வாடகை வரும். மிச்சத்திலை பாதியை உதிலை போடுங்கோ. பாதி பங்கிலை கிடக்கட்டும்.”

நான் வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிய பாடம் அது.

வாடகை வந்தது. பங்கும் மெல்ல மெல்ல எழும்பியது. நினைத்ததைவிடச் சின்னதாக, ஆனால் புகையில்லாத குசினி ஒன்றும் எழும்பியது. வருகிறவர்கள் எல்லாரையும் வதனி உள்ளே கூட்டிப் போய், மூலையில் ஓரம் வெட்டிப் பதித்த ஒரு மாபிள் கல்லைக் காட்டுவாள்.

“இது இவரின்ரை. மற்றதெல்லாம் என்ரை.”

தேங்காய் துருவக் கூப்பிட்டாலும் அதன்மேல்தான் நிற்கச் சொல்கிறாள். நிற்கிறேன். சொந்தக் காணியல்லவா!