யோகத்தை நம்பாத டைலர்

அந்த நாளில் கோயமுத்தூரில் பணக்காரன் ஆவது பெரிய கஷ்டமில்லை. ஆன பிறகு ‘எப்படிவந்துச்சு’ டைலர் கடையைத் தாண்டிப் போவதுதான் கஷ்டம். பட்டணத்தில் பாதிப் பேர் அவருக்குப் பயந்து சுற்று வழியில் போனார்கள். மீதிப் பேரிடம் ஒன்றுமே இல்லை, அதனால் தைரியமாகப் போனார்கள். நான் வெகுநாள் இரண்டாவது கூட்டத்தில் இருந்தேன்.

அவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கடைப் பலகையில் ‘டைலர்’ என்று மட்டும் இருக்கும். பெயரையும் எழுதினால் எவனாவது வந்து எதையாவது விசாரிப்பான் என்று அவருக்குச் சந்தேகம்.

மலையிலிருந்து மின்சாரம் இறங்கி வந்த சமயம் அது. மழைக்குக் காளான் மாதிரி மில்கள் முளைத்தன. நேற்று மாட்டு வண்டியில் போனவர் இன்று மோட்டாரில் போனார். இதற்கெல்லாம் எங்கள் ஊரில் ஒரே வார்த்தை, யோகம். பருத்தி விலை ஏறினால் யோகம். கிணற்றில் ஊற்றுக் கண் திறந்தால் யோகம். பிள்ளையில்லாத பெரியப்பா போய்ச் சேர்ந்தாலும் யோகம். ‘அவனுக்கு யோகம் அடிச்சுருச்சு’ என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் வயிற்றெரிச்சல்காரன் என்று பேர்.

டைலர் கேட்பார்.

“யோகமுங்கறது ஒரு பதிலுங்களா? பதில் சொல்லப் புடிக்காதவங்க அந்த வார்த்தையைச் சொல்லிப்போட்டுப் போயிடறாங்க. காசுன்னா அது வந்த வழின்னு ஒண்ணு இருக்கோணுமுங்க. வழி தெரியாத காசு, ஊரு பேரு தெரியாத ஆளாட்ட. ஊட்டுக்குள்ள உடலாமுங்களா?”

ஒரு பருத்தித் தரகர் புதுசாகத் தங்கப் பல் கட்டிக்கொண்டு பட்டுச் சட்டை தைக்க வந்தார். டைலர் டேப்பை வைத்து அளந்தார்.

“போன தை மாசம் இடுப்பு முப்பத்திரண்டுங்க. இப்ப முப்பத்தாறு. நாலு இஞ்சு எப்படி வந்துச்சுங்க?”

“எல்லாம் யோகமுங்க.”

டைலர் டேப்பைச் சுருட்டிவிட்டார். “யோகத்துக்கு அளவெடுக்க நான் படிக்கலீங்க. அடுத்த தெருவுல ஒருத்தர் இருக்காருங்க.”

பக்கத்து வீட்டு அம்மாளின் கோழி இரட்டைக் கரு முட்டை இட்டது. தெருவே அதிசயப்பட்டது. டைலர் கோழியை மேலும் கீழும் பார்த்தார். “ஏனுங்க அம்மணி, இது எங்கெங்கீங்க மேயப் போகுது?” என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் கடையைப் பூட்டிக்கொண்டு அந்தக் கோழியின் பின்னாலேயே போனார். கோழி மூன்றாம் நாளிலிருந்து முட்டை இடுவதையே விட்டுவிட்டது. அந்த அம்மாள் அவரோடு பேசுவதையும் விட்டுவிட்டார்.

நான் அப்போது ஒரு மில் ஆபீசில் குமாஸ்தா. ஒரு சித்திரையில் எனக்கே யோகம் அடித்தது. காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் ஊட்டி குதிரைப் பந்தயத்துக்குப் போனேன். வாழ்க்கையிலேயே ஒரே தடவைதான் போனேன், அதில் ஜெயித்தேன். வாய் பொத்திச் சும்மா இருந்திருக்கலாம். வயசு விடுமா? பத்து நாள் கழித்துப் பளபளவென்று ஒரு சீமை சைக்கிள் வாங்கினேன்.

இடையில் ஒரு வாரம் டைலர் கடை பூட்டிக் கிடந்தது. வேறு ஏதோ கோழி பின்னால் போயிருக்கிறார் என்று பேசிக்கொண்டோம். நான் சைக்கிளில் வந்த அன்றைக்குத்தான் கடை திறந்திருந்தது. மணி அடிக்காமல் நைசாகத் தாண்டினேன். அவர் நிமிர்ந்து சைக்கிளைப் பார்த்தார். ஒன்றுமே கேட்கவில்லை. நான் பெடலை வேகமாக மிதித்தேன்.

அதே வாரம் மில் கிடங்கில் நாலு நூல் சிப்பம் காணோம். மானேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். எங்கள் பக்கம் திருட்டுப் பட்டத்தைக்கூட மரியாதையாகத்தான் கட்டுவார்கள்.

“வாங்க தம்பி, உக்காருங்க. சைக்கிள் நெம்ப நல்லாருக்குதுங்க. நூலை எங்கீங்க வித்தீங்க?”

“நான் எடுக்கலீங்க.”

“அப்ப சைக்கிளு ஏதுங்க?”

உண்மையைச் சொன்னால் காய்ச்சல் பொய் என்று ஆகிவிடும். அதுகூடப் பரவாயில்லை. பந்தயம் என்ற சொல் அன்னூரில் என் அப்பா காதில் விழுந்தால் நான் அந்த வாசற்படியை மிதிக்க முடியாது. சொல்லாவிட்டால் போலீஸ். மென்று விழுங்கி, “யோகமுங்க” என்றேன். என் காதுக்கே அது திருடன் சொல்லும் பதிலாகத்தான் கேட்டது.

“போலீசுக்குச் சொல்றதுக்கு முன்னால ஒருத்தரைக் கேட்டுப்போடலாமுங்க,” என்றார் மானேஜர். டைலரைக் கூட்டிவர ஆள் போயிற்று. என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

டைலர் கழுத்தில் டேப்போடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றார். “இந்தத் தம்பி மேல சந்தேகம் உண்டுங்களா?” என்று மானேஜர் கேட்டார்.

“உண்டுங்க. சித்திரை பொறந்ததுல இருந்து சந்தேகப்பட்டுட்டே இருக்கறனுங்க.”

மானேஜர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“வேகற வெயில்ல கம்பளிக் கோட்டைக் கொண்டாந்து இடுப்புல புடிச்சுத் தெச்சுத் தரச் சொன்னாருங்க. அப்பவே எனக்குப் பொறி தட்டுச்சு. பின்னாலயே போயிட்டனுங்க. மேட்டுப்பாளையத்துல மலை ரயில் ஏறுனாரு, நானும் ஏறிப்போட்டேன். ஊட்டியில ஒரு வெள்ளைக் குதிரை மேல பணம் கட்டுனாருங்க. முன்னால போன குதிரை கால் இடறிப்போச்சு, இது ஜெயிச்சுப்போச்சு. என்ற கண்ணால பாத்தனுங்க. அதுக்கப்பறமும் தோண்டித் துருவிப் பாத்துப்போட்டேன். இவரு ஒரு முழம் நூலுகூட எடுக்கலீங்க.”

“காய்ச்சல்னு லீவு எழுதியிருக்காருங்களே?”

“கோட்டு அவருகிட்டத்தானுங்களே இருந்துச்சு. நான் மெல்லிசு மல்லுச் சட்டையோட போயிப்போட்டேன். காய்ச்சல் எனக்குத்தான் வந்துச்சுங்க, ஒரு வாரம்.”

மானேஜர் சிரித்துவிட்டார். டைலர் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த மானேஜரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க மோதிரம் புதுசாட்ட இருக்குதுங்க. எப்படி வந்துச்சுங்க?”

“மாமனார் போட்டதுங்க,” என்று மானேஜர் கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார்.

பொய்க் காய்ச்சலுக்கு அரை மாதச் சம்பளம் போயிற்று. நூல் சிப்பங்கள் அடுத்த கிடங்கில் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் கிடைத்தன. அப்பாவுக்கும் விஷயம் எட்டியது, ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. திருடனைப் பெற்றவர் என்று அவரை யாரும் சொல்லவில்லை, எனக்கு அது போதும்.

அன்று திரும்பும்போது டைலரைச் சைக்கிளில் ஏறச் சொன்னேன். பந்தயக் காசில் வந்த சைக்கிளில் ஏறமாட்டேன் என்று நடந்தே வந்தார். நானும் உருட்டிக்கொண்டு கூடவே நடந்தேன்.

“என் மேல அவ்வளவு சந்தேகமாங்க?” என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன்.

“சந்தேகப்படாம உட்டிருந்தா, இன்னிக்கு உங்களுக்கு யாரு தம்பி சாட்சி சொல்லியிருப்பாங்க?”



டைலர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. போன மாதம் நான் சொந்த வீடு கட்டிக் குடிபோனேன். வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு, “யோகக்காரருங்க நீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எப்படி வந்ததென்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர் கேட்டிருப்பார். நானும் அவரை உட்காரவைத்து, முதல் செங்கலிலிருந்து சொல்லியிருப்பேன்.