மான் சுடத் தோட்டா கேட்ட மாப்பிள்ளைக்கு

அனுமந்தை,
நவம்பர் 6.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சித்தார்த்தன் அவர்களுக்கு,

மாமனார் தேசப்பன் எழுதுவது. மரக்காணம் உப்பளமெல்லாம் மழைத்தண்ணீரில் ஏரியாகக் கிடப்பதைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். டெக்சாசில் நீங்களும் யுவராணியும் அப்படியே இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் யுவராணி படித்துவிடுவாள் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

போன வாரம் வந்த உங்கள் செய்தியை நாலு தடவை படித்தேன். "மாமா, ஆபீஸ்ல எல்லாரும் மான் வேட்டைக்குக் கூப்பிடறாங்க. லைசென்ஸ் எடுத்துட்டேன். தோள்பட்டை வலி இருக்குது, பெரிய துப்பாக்கியோட உதை தாங்காது. சின்ன தோட்டாவுல எது நல்லது, 223-ஆ, 243-ஆ? உங்க சர்வீஸ் அனுபவத்துல சொல்லுங்க." மாப்பிள்ளை, நான் உங்கள் கல்யாணத்துக்கு வராதவன். மூன்று வருடமாக உங்கள் குரலைக்கூடக் கேட்காதவன். வீம்பும் என்னுடையது, தப்பும் என்னுடையது. அப்படிப்பட்டவனை மாமா என்று கூப்பிட்டு யோசனை கேட்டீர்களே, அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

ஆனால் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ராணுவத்தில் நான் பதினேழு வருடம் இருந்தது சமையல்காரனாக. யுவராணியிடம் மட்டும் வேறு மாதிரி சொல்லி வளர்த்துவிட்டேன். வருடத்துக்கு ஒருமுறை எங்களையும் சுடச் சொல்வார்கள். நான் சுட்டு முடித்த பிறகும் குறிப்பலகை பூரண நலத்தோடு நிற்கும். உங்கள் அத்தை குப்பம்மாள், "கரண்டி புடிச்ச கைன்னு எழுதிப் போடுங்க, இன்னா கொறஞ்சிடும்?" என்றாள். எனக்கு மனசு வரவில்லை. முதன்முதலாக ஒன்று கேட்டிருக்கிறீர்கள், தெரியாது என்று எப்படிச் சொல்வது?

அதனால் மரக்காணத்தில் கௌதமனின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம், வெளியே மழை வேறு தகரத்தில் கொட்டுகிறது, மூன்று தடவை சொல்லியும் விளங்காமல் அவன் "இன்னா, இன்னா" என்று கேட்க, நான் அடிவயிற்றிலிருந்து "மான் சுடறதுக்குச் சின்ன தோட்டா எதுன்னு நெட்டுல தேடுப்பா!" என்று கத்த, மழைக்கு ஒதுங்கியிருந்த பத்துப் பேரும் என்னிடமிருந்து இரண்டடி தள்ளி மழையிலேயே நின்றுகொண்டார்கள். அவசரமாக எட்டுப் பக்கம் பிரிண்ட் எடுத்து ஏழு பக்கத்தோடு ஓடிவந்துவிட்டேன். மிஷினிலேயே தங்கிவிட்ட எட்டாம் பக்கத்தில் மான் படம், முன்னங்கால் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. எனக்கு அடுத்து ஆதார் நகலெடுக்க வந்தவர், சாதா உடையில் இருந்த வனக்காவலர்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் கறி வெந்துகொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து வாசலில் ஜீப் வந்து நின்றது. ரேஞ்சர் ஷாலினி என்ற அம்மாவும் அந்தக் காவலரும் இறங்கினார்கள். காவலர் மூக்கை உறிஞ்சி, "இன்னா கறி?" என்றார்.

"ஆட்டுக்கறிங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

குப்பம்மாள் உள்ளே போய், சூப்புக்கு எடுத்து வைத்திருந்த நாலு ஆட்டுக்காலையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "நல்லா பாருங்க சார். இவரு குறி பாத்து சாணி எறிஞ்சாலே செவுத்துல படாது. இவரா மான் சுடப்போறாரு?"

என் மானம் போனது, உயிர் பிழைத்தது. போனில் உங்கள் செய்தியை எடுத்து நீட்டினேன். ரேஞ்சர் அம்மா படித்தார். குப்பம்மாள் கேட்காமலே மூன்று வருடக் கதையையும் கொட்டினாள். கேட்டுவிட்டு அந்த அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "பேனா இருக்குதுங்களா ஐயா? எழுதிக்குங்க" என்றாரே பார்க்கலாம்!

"இங்க ஒரு மானத் தொட்டாலும் நான் உள்ள தூக்கி வெச்சிடுவேன். அங்க சட்டம் வேற. ஆனா எந்த ஊரா இருந்தாலும் மான் படற வலி ஒண்ணுதான். மலைப்பக்கம் வேலை பாத்தப்ப, திருட்டு வேட்டையில அடிபட்ட மான போஸ்ட்மார்ட்டம் பண்றப்ப கூடவே நின்னிருக்கேன். தகுதியில்லாத குண்டு பட்டு ரெண்டு நாள் ஓடி, புதர்ல கெடந்து செத்ததெல்லாம் இருக்குதுங்க."

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். 243 வாங்குங்கள். உதை குறைவு, தோள் தாங்கும். குண்டு நூறு கிரெயின், அதாவது ஆறரை கிராம் எடை, உள்ளே போனதும் விரிகிற ரகம். 223-ல் பக்கத்திலிருந்து, அதற்கென்று செய்த குண்டால், தேர்ந்த கை சுட்டால் நடக்கும். புதுக்கைக்கு வேண்டாம், சில மாநிலங்களில் சட்டமும் விடாது. அதைவிடப் பொடிசான 22 பக்கமே போக வேண்டாம். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சில் பட வேண்டும். தூரமாக இருந்தாலோ மனசுக்குச் சந்தேகம் வந்தாலோ துப்பாக்கியை இறக்கிவிடுங்கள்.

எழுதி முடித்ததும், "மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தையும் சொல்லுங்க" என்றார். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். காவலர் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினார். நீங்கள் ஒரு கேள்வி கேட்டதால் எனக்கு ஒரு மாப்பிள்ளை கிடைத்தார், ஊரில் ஜீப்பில் வந்து விசாரிக்கிற அளவுக்கு ஒரு பெயரும் கிடைத்தது. எல்லாம் உங்கள் புண்ணியம்.

மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும், இருவரும் நூறாண்டு வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
மாமனார்,
தே. தேசப்பன்.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் யுவராணி போன் செய்தாள். "அப்பா, அவரு அத உங்களுக்கு அனுப்பலப்பா. நேவியில இருந்த அவரோட தாய்மாமாவுக்குப் போடறது மாறி வந்துடுச்சி. அழிக்கறதுக்குள்ள நீங்க பாத்துட்டீங்களாம். போன்ல ரெண்டு பேருமே 'மாமா'ன்னுதான் இருக்கீங்க." ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், சமையல் விஷயத்தை முக்கியமாக மறந்துவிடவும். ஆனால், என் நம்பரை 'மாமா' என்றுதான் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்த பிறகு கடிதத்தைக் கிழிக்கக் கை வரவில்லை, அனுப்புகிறேன். அந்த மாமா வேறு ஏதாவது நம்பர் சொன்னால் கேட்காதீர்கள். கப்பலில் போனவர் கடலில் எந்த மானைக் கண்டார்? 243தான்.