சுதாகரன் கெயின் தாழ்த்திய படலம்

நந்திக்கடலின் உப்புக்காற்று நாள்தோறும் சன்னல் கம்பிகளைத் தின்னும் புதுக்குடியிருப்பு நன்னகரில், பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் பயிற்றுபவனும், சுருதி மயிரிழை பிசகினும் புருவத்தை வில்லென வளைப்பவனும், வலயமட்டப் போட்டிகளில் நடுவர் கதிரையில் அமர்ந்து இளம் பாடகர் எண்ணிலரைக் கண்ணீர்க் கடலில் ஆழ்த்தியவனும், ‘பொற்செவியன்’ என்று தனக்குத்தானே பட்டஞ் சூட்டிக்கொண்டவனுமாகிய சுதாகரன் வாழ்க! அவன் செவியிரண்டும் வாழ்க! ஒரு சனிக்கிழமை முற்பகலில், கரிய பெட்டியொன்றோடு அவன் ஆற்றிய அரும்போரை இனிப் பகர்வோம்.

அப்பெட்டி கடல்கடந்து மெல்பேர்னிலிருந்து வந்தது. இனிப் பாட்டை வெளியே நின்று கேட்கத் தேவையில்லை, உள்ளே போய் இருந்தே கேட்கலாம் என்று வட்ஸ்அப்பில் ஓலை விடுத்து, தக்கதொரு ஹெட்போனும் சேர்த்து அனுப்பியிருந்தான் மச்சான் விஜிதரன். கொம்பியூட்டருக்குள் எண்களாய் உறங்கும் இசையைத் துயிலெழுப்பி, ஒலியாக்கி, வலுவூட்டி ஹெட்போனுக்கு அனுப்புவது அப்பெட்டியின் தொழில். முகப்பிலே வொலியூம் குமிழ் ஒன்று. அதன் பக்கத்தே, அந்த வலுவை எவ்வளவு ஊட்டுவதென்று விதிக்கும் கெயின் சுவிச் ஒன்று. சுவிச்சுக்கு நிலைகள் இரண்டே: தாழ்வு, உயர்வு. முதலில் தாழ்வில் வைக்குமாறு கையேட்டில் ஏழு மொழிகளில் எழுதியிருந்தது. மானமுள்ள வீரன் தாழ்வை ஏற்பானோ? ஏழு மொழிகளையும் ஒருசேர மேசை லாச்சிக்குள் சிறையிட்டான். சுவிச்சை உயர்வுக்குத் தள்ளினான். கொம்பியூட்டரின் வொலியூமை நூறுக்கு ஏற்றினான். முடிதரிப்பான்போல் ஹெட்போனைத் தலையில் தரித்து, வயலின் கச்சேரி ஒன்றைத் தொடக்கிவிட்டு, குமிழைக் கால்வட்டம் திருப்பினான்.

அந்தோ! ஆயிரம் யானைகள் ஒருங்கே பிளிறினாற்போலும், ஆடிமாதக் கடல் கூரையேறி வந்தாற்போலும், வயலின் என்னும் மெல்லியலாள் வாளேந்தி வந்து அவன் மண்டைக்குள் நடம்புரிந்தாள். ஹெட்போனைப் பிடுங்கியெறிந்து, கதிரையோடு பின்வாங்கி, அலுமாரியில் முதுகு மோதி நின்றான் பொற்செவியன். ஆயினும் புறமுதுகிடவில்லை, அலுமாரி இடம் கொடுக்கவில்லை.

இரண்டாம் போர் மூண்டது. குமிழை நெல்மணியளவு திருப்பினான், மௌனம். இன்னொரு நெல்மணி, இடிமுழக்கம். மௌனத்துக்கும் முழக்கத்துக்கும் இடையே எள் நுழையும் இடைவெளி ஒன்று இருந்தது. அதைத் தேடி, மூச்சடக்கி, நாக்கின் நுனியைப் பல்லிடைக் கடித்து, வெடிகுண்டின் கம்பியை அறுப்பவன்போல் குமிழை உருட்டியுருட்டி, பதினொன்றாம் முயற்சியில் அவ்விடத்தை அடைந்தான். வயலின் மிருதுவாய் எழுந்தது. வெற்றிச் சிரிப்பு உதட்டுக்கு ஏறி வந்து பாதிவழியில் நின்றது.

வயலின் வலக்காதில் மட்டும் எழுந்திருந்தது.

இடக்காதில், சுவருக்கு அப்பால் யாரோ வாசிப்பதுபோல் ஒரு நிழல்தான் கேட்டது. இரண்டாயிரத்து ஒன்பதின் மாசியில், போர்க்காலத்தில், பங்கர்க் குழியின் வாசலில் விழுந்து வெடித்த எறிகணைச் செல் ஒன்று அந்தக் காதுக்குள் மூன்று நாள் கூவியது. பிறகு கூவல் ஓய்ந்தது. அதோடு முடிந்ததென்றே இத்தனை வருடமும் எண்ணியிருந்தான். காதருகே விரலைச் சொடுக்கிப் பார்த்தான்; பயந்தவனுக்கு அதுவும் மங்கலாகவே கேட்டது, விரலும் பொய் சொல்லிற்று. திங்கட்கிழமை நாற்பது பிள்ளைகளுக்குச் சுருதி பிடிக்க வேண்டும். ஒற்றைக் காதால் எப்படிப் பிடிப்பது என்று யோசித்தபடி, வயலின் ஓடிக்கொண்டேயிருக்க, அசையாமல் இருந்தான்.

அவ்வேளை, கத்தரிக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்ட கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மனையரசி பிரேமிளா அவ்விடம் எய்தினாள்.

“என்னப்பா, முகம் வெளிறிப்போச்சு?”

“இடக்காது போயிட்டுது போல கிடக்கு,” என்றான். “அந்தச் செல்லுக்குத் தப்பினதெண்டு நினைச்ச காது.”

அந்தச் செல்லை அவளும் அறிவாள். அதே பங்கருக்குள் இருந்தவள். அவன் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, இடப்பக்கம் வலமாகத் திருப்பி, மறுபடி மாட்டிவிட்டாள்.

“இப்ப?”

வயலின் இடக்காதுக்குள் வந்தது. தந்தியில் வில் உரசும் சிறு கரகரப்புங்கூடத் தெளிவாய் வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“இடக்காதில நல்லாக் கேக்குது,” என்றான். சற்றுப் பொறுத்து, “இப்ப வலக்காதிலதான் கேக்கேல்லை.”

“காது ரெண்டும் இடம் மாறேல்லைத்தானே. பிழை உங்களிட்ட இல்லையப்பா, பெட்டியிலதான்.”

உடனே மெல்பேர்னுக்கு அழைப்புப் பறந்தது. பெட்டியில் பழுதேதும் இல்லையென்றும், இவ்வகைக் குமிழ்களை அடிமட்டத்தில் வைத்தால் இருபக்க ஒலியும் சமனாய் வராதென்றும், கெயினைத் தாழ்த்தினால் குமிழைப் பாதிவரை ஏற்றலாம், அங்கே இரண்டும் சமனாகுமென்றும் விஜிதரன் தெளிவுபடுத்தினான். கையேட்டைப் படிக்கவில்லையா என்றும் வினவினான். அவ்வினாவின்போது வீட்டு இணையம் தெளிவற்றுப் போய்விட்டதாகச் சுதாகரன் அறிவித்தான்.

பிரேமிளா குமிழைப் பூச்சியத்துக்கு இறக்கி, ஒரு விரலால் சுவிச்சைத் தாழ்வுக்குத் தட்டி, ஹெட்போனை நேராக மாட்டிவிட்டு, குமிழை மெல்ல மெல்லப் பாதிவட்டம் ஏற்றினாள். மாரியில் இரு கரையும் ஒத்து நிறையும் குளம்போல இருசெவியும் நிறைந்தன. எழுந்து நின்றான் பொற்செவியன், கரத்தை உயர்த்தினான், “தாழ்வென்று எழுதியிருப்பது சுவிச்சின் தாழ்வேயன்றி வீரனின் தாழ்வன்று! இதனை இப்பெருநகரில் முதன்முதல் கண்டறிந்தவன் நானே!” என்று கத்தரிக்கன்றுகளும் கேட்க முழங்கினான்.

பிரேமிளா கேட்கவில்லை; ஹெட்போன் அதற்குள் அவள் தலைக்கு மாறியிருந்தது. கதிரையும் அவளுடையதாகியிருந்தது. கண்மூடி, கால்நீட்டி, குமிழின்மேல் ஒரு விரல் வைத்து, மும்முடி சூடிய பேரரசிபோல் அவள் வீற்றிருக்க, இருசெவி மீண்ட பெருவீரன், இசைக்கடல் கடந்த ஏந்தல், தன் முறை வருமென்று அரைமணி நேரம் அருகே காத்துநின்றான்.

பிறகு குசினிக்குப் போய் மத்தியானச் சமையலுக்கு முருங்கையிலை உருவினான்.