சைரன் சாரும் பத்து நாள் கான்ட்ராக்டும்

நெய்வேலியில் சைரன் சார் குரல் கொடுக்காமல் எந்த மிஷினும் ஓடியதில்லை. சுரங்கத்தை மட்டும் சொல்லவில்லை, எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். பத்தொன்பது வருடம் பக்கத்து வீட்டில் குடியிருந்த எனக்கே அது தெரியாது. கூரியர்காரர் வந்து ஏதோ ஒரு பெயரைச் சொல்லி வீடு கேட்பார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று தெருவே சேர்ந்து திருப்பி அனுப்பிவிடும்.

சுரங்கத்தில் மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிற பெல்ட்டுக்கு அவர் ஃபோர்மேன். பெல்ட்டை ஓடவிடும் முன் அதன் ஓரமாகவே நடந்துபோய், எங்கேயாவது யாராவது குனிந்துகொண்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பிறகு சைரன் ஒலிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் சுவிட்ச். நல்ல வழக்கம். மனிதர் இந்த வழக்கத்தை ஷிப்ட் முடிந்ததும் சுரங்கத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் எங்களுக்கும் நன்றாக இருந்திருக்கும்.

விட்டுவிட்டு வரவில்லை. காலை ஆறு மணிக்கு அவர் மனைவி சட்னி அரைக்க வேண்டும். சைரன் சார் மிக்சியைச் சுற்றி ஒரு நடை நடப்பார், மேடைக்கு அடியில் குனிந்து பார்ப்பார், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து "ஊஊஊ" என்று மூன்று முறை கத்துவார். அதன்பின் தேங்காய் அரைபடும். எங்கள் வரிசையில் யாரும் அலாரம் வைத்து எழுந்ததில்லை. நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் தலைசாய்த்த என் வீட்டுக்காரர் மட்டும், போர்வைக்குள் இருந்தபடியே சட்னி என்கிற பதார்த்தத்தையே சபிப்பார்.

ஒருமுறை திருவிழாவில் ராட்டினம் போட்டிருந்தார்கள். சைரன் சார் அதைச் சுற்றி வந்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, மூன்று குரல் கொடுத்தார். ராட்டினக்காரர் பயந்துபோய் அத்தனை பேரையும் இறக்கிவிட்டார். "எறங்காதீங்க, எல்லாம் சரியா இருக்குதுன்னுதான் கத்துனேன்" என்று சைரன் சார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அதன்பிறகு ஏறியவர் அவர் ஒருவர்தான்.

இப்படிப்பட்டவரின் பக்கத்து வீட்டுக்கு, போன வருடம், தரை துடைக்கும் ரோபோ வந்து சேர்ந்தது.

அது வந்ததற்குக் காரணம் என் முதுகு. நான் பள்ளிக்கூட டீச்சர். பகலெல்லாம் நின்றுவிட்டு வந்து, சாயங்காலம் வீட்டைத் துடைப்பேன். எங்கள் ஊர்த் தூசி கொஞ்சம் கருப்பு. எங்கள் ஹாலில் போட்டிருப்பதோ வெள்ளை டைல்ஸ். காலையில் துடைத்த தரையில் சாயங்காலம் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தில் மை தடவியது போல் இருக்கும். இருபது வருடம் குனிந்து குனிந்து, ஒருநாள் நிமிர முடியாமல் அப்படியே நின்றேன். இனிமேல் குனியக் கூடாது என்றார் டாக்டர். குனியாமல் குடித்தனம் நடத்துவது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகன் போன் செய்தான். "ரோபோ ஒண்ணு ஆர்டர் போட்டிருக்கேம்மா. கூட்டும், தொடைக்கும். பிடிக்கலைன்னா பத்து நாளைக்குள்ள திருப்பிடலாம்." வந்தது தோசைக்கல் அகலத்தில் வட்டமாக ஒரு வஸ்து. எனக்கு ஆசையும் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை. இதையும் நான்தான் துடைத்து வைக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

அட்டைப் பெட்டியைப் பிரித்த சத்தம் கேட்டிருக்க வேண்டும். வாசலில் சைரன் சார்.

"டீச்சரம்மா, வூட்ல புது மிஷின் எறங்கியிருக்காமே?"

அந்த மாதக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மென்ட். மிச்சமிருந்த லீவைப் போட்டுவிட்டு, மேற்பார்வை பார்க்க எதுவும் இல்லாமல் வீட்டில் இருந்தார். மனைவி முன்னாலேயே காடாம்புலியூருக்குப் போய்ச் சொந்த வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். இன்னும் பத்து நாளில் இவரும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ரோபோவுக்கும் பத்து நாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப இவன் பத்து நாள் கான்ட்ராக்ட்ல வந்திருக்கான். வேலையப் பாத்துட்டு பெர்மனன்ட் பண்ணலாமா, வேணாமான்னு சொல்லணும். அத நான் பாத்துக்கறேங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் நாலரைக்கு பூட்ஸ், ஹெல்மெட், கையில் நீள நோட்டு சகிதமாக வந்துவிட்டார். ஹாலை நீளவாக்கில் நடந்து பார்த்தார். சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்தார். "டீச்சரம்மா, நீங்க எங்க நிக்கறீங்க? குனியக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். அதன்பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். பக்கெட்டில் தண்ணீர் மொண்டு ஹால் முழுக்கத் தெளித்தார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"தூசி கெளம்பக் கூடாதுல்லங்க. மைன்ஸ்ல லாரி போற ரோட்டுக்கு மொதல்ல தண்ணி அடிச்சிடுவோம்."

மூன்று குரல். பட்டன். அன்றோடு கான்ட்ராக்ட் என்றே பெயராகிவிட்ட ரோபோ கிளம்பினான்.

சுரங்கத்து ரோட்டுக்கு அது சரியாக இருக்கலாம். கரித்தூசியும் தண்ணீரும் சேர்ந்த வெள்ளை டைல்ஸில் கான்ட்ராக்ட் போன இடமெல்லாம் மை இழுத்தது. சேற்றை வாரி உள்ளே இழுத்து, துணியால் அதையே சுவர் வரைக்கும் பூசி, கோலம் மாதிரி வளைந்து வளைந்து போய், டி.வி. ஸ்டாண்டுக்கு முன்னால் சக்கரம் வழுக்கி நின்றுவிட்டான். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் இங்கிலீஷில் உதவி கேட்டது.

"என்னா சொல்லுது?" என்றார்.

"மாட்டிக்கிட்டாளாம், வந்து தூக்கணுமாம்."

"மொத நாளே லீவு கேக்குது" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

அன்று ஹாலை நான்தான் துடைத்தேன். நான்கு பக்கெட் தண்ணீர். அவர் உதவிக்கு வந்தார், பூட்ஸைக் கழற்றாமல். போதும் அண்ணே என்று நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டு எதையோ எழுதினார். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, முதுகாலா அவராலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் நாளிலிருந்து முறையை மாற்றினோம். முதலில் காய்ந்த ஓட்டம், கூட்டுவதற்கு. அது முடிந்து தூசிப் பெட்டியைக் காலி செய்த பிறகு ஈர ஓட்டம். இப்போது உண்மையைச் சொல்ல வேண்டும், தரை நன்றாகவே வந்தது. சைரன் சார் அதற்கு ஒரு பரீட்சை வைத்திருந்தார். புது வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார். பிறகு சோபாவில் உட்கார்ந்து பாதத்தைத் தூக்கி எனக்குக் காட்டுவார். இருபது வருடம் என் வீட்டுக்கு வந்த உறவினர்கள்கூட என்னை இப்படி அவமானப்படுத்தியதில்லை.

நடு ஹாலில் சாக்ஸ் வெள்ளையாகவே இருந்தது. மிஷின் கட்டிலுக்கு அடியில் போய் வந்து, நான் மறந்தே போன தூசியை எல்லாம் கொண்டுவந்து கொட்டியது. ஆனால் மூலையில் திணறியது. வட்டமான மிஷின் மூலைக்குள் எப்படிப் போகும்? அங்கே விரல் அகலத்துக்குத் தூசி அப்படியே இருந்தது. சமையலறையில் காய்ந்துபோன சாம்பார்க் கறை ஒன்று. அதன்மேல் மூன்று தடவை ஏறி இறங்கியும் கறை அசையவில்லை. துணியை நடுவில் ஒருமுறை அலசாவிட்டால், கடைசி அறையில் கோடு கோடாக விழுந்தது. அலசிய தண்ணீரைப் பார்த்தால் நாங்கள் இதன்மேலா நடந்துகொண்டிருந்தோம் என்று குமட்டியது.

"கறைய நல்லா தேச்சு எடுறா" என்று அதன்கூடவே நடந்து அதட்டுவார். அது சார்ஜ் ஏற்றத் தன் இடத்துக்குத் திரும்பினால், "டீ குடிக்கப் போறாம் பாருங்க, ஒரு மணி நேரந்தான் ஆவுது" என்று நோட்டில் குறிப்பார்.

துணி அலச மிஷினை நிறுத்துவதற்கும் ஒரு சட்டம் இருந்தது. செருப்பு டப்பா மூடியில் சிவப்பு மையால் 'ஆள் வேலை செய்கிறார், சுவிட்ச் போடாதே' என்று எழுதி, சுவிட்ச் போர்டில் தொங்கவிடுவார். யார் மாட்டினார்களோ அவர்கள்தான் எடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் அதை மாட்டிவிட்டு, மறந்துபோய் குள்ளஞ்சாவடி சந்தைக்குப் போய்விட்டார். நான் ஸ்கூல் மீட்டிங் முடிந்து வந்து பார்த்தால், என் வீட்டுக்காரர் ஹாலில் பனியன் நனைந்து ஒட்ட உட்கார்ந்திருக்கிறார். அட்டை ஃபேன் சுவிட்சின்மேல் தொங்குகிறது.

"அத எடுத்துட்டு ஃபேனப் போட வேண்டியதுதானேங்க?"

"அடுத்தவர் மாட்டுன கார்ட எப்படிம்மா எடுக்கறது?" என்றார். முப்பது வருடம் தெர்மல் பவர் ஸ்டேஷனில் இதே சட்டத்தோடு வேலை பார்த்த மனிதர். சைரன் சார் சந்தையிலிருந்து ஒரு பலாப்பழத்தோடு திரும்பி வரும்வரை இரண்டரை மணி நேரம் வியர்த்தார். வந்தவர் அட்டையைக் கழற்றி, "ரூல்னா இப்படித்தாங்க இருக்கணும்" என்று கைகொடுத்தார். பைத்தியம் சுவர் தாண்டி வந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒன்பதாம் நாள் ராத்திரி முடிவு செய்துவிட்டேன். நாற்காலிகளைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும், துணி அலச வேண்டும், மூலைகளைக் கடைசியில் நானே பார்க்க வேண்டும். நமக்காக வேலை செய்ய வந்ததற்கு நாம் வேலை செய்வானேன்? மகனிடம் திருப்பி அனுப்பச் சொன்னேன். "உன் இஷ்டம்மா, ஆனா முதுகு?" என்றான். "இருபது வருஷம் இருந்த முதுகுதானே" என்றேன். காலையில் கான்ட்ராக்டைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டினேன்.

அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டு வாசலில் சாமான் வண்டி நின்றது. பீரோ, கட்டில், மிக்சி எல்லாம் ஏறின. வண்டி கிளம்பும் முன் சைரன் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல்முறையாக ஹெல்மெட் இல்லாமல் பார்த்தேன். தலையில் முடியே இல்லை.

"சார்ஜ் ஒப்படைக்கணுங்க" என்று நோட்டை நீட்டினார். டேப் ஒட்டிய பெட்டியைப் பார்த்தார். "படிச்சிட்டு கையெழுத்துப் போடுங்க டீச்சரம்மா. நா வரேன்." வெளியே போய் சாமான் வண்டியைச் சுற்றி நடந்தார், அடியில் குனிந்து பார்த்தார், மூன்று குரல் கொடுத்துவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். டிரைவர் ஒருவிதமாகப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து நாளும் அந்த நோட்டை நான் பிரித்துப் பார்த்ததில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்திச் சலித்த கண்ணுக்கு வேறு எழுத்து எதற்கு என்று இருந்துவிட்டேன். இப்போது பிரித்தேன். இடது பக்கம் முழுக்க மிஷினைப் பற்றிய குற்றச்சாட்டுகள். வலது பக்கம் மேலே 'டீச்சரம்மா' என்று போட்டுக் கோடு கிழித்திருந்தது.

'முதல் நாள். குனிந்தது 31 முறை. இரண்டு முறை சுவரைப் பிடித்து நிமிர்ந்தார். தண்ணீர் தெளித்தது என் பிசகு.'

'மூன்றாம் நாள். குனிந்தது 12. துணி அலசும்போது மட்டும் இடுப்பில் கை.'

'ஆறாம் நாள். குனிந்தது 5. பக்கெட்டை ஸ்டூல்மேல் வைத்தால் இதுவும் குறையும்.' ஆமாம், அன்றைக்கு அவர்தான் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பக்கெட்டை அதன்மேல் தூக்கி வைத்தார். கோணங்கித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

'ஒன்பதாம் நாள். குனிந்தது ஒரே முறை. அதுவும் நான் கீழே வைத்த டீ டம்ளரை எடுக்க. தப்பு என்னுடையது.'

அதற்குக் கீழே கடைசியாக எழுதியிருந்தது: 'மிஷினுக்கு மூலை தெரியாது. சாம்பார்க் கறை எடுக்காது. நடுத்தரம். பெர்மனன்ட் பண்ணலாம். ஓட்டும் முன் யாராவது குனிந்திருக்கிறார்களா என்று பார்க்கவும்.' பொறுப்பு ஏற்பவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

பத்தொன்பது வருடம் அந்த மனிதரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டில் நான் எத்தனை முறை குனிகிறேன் என்று எண்ணியவர் அவர் ஒருவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

டேப்பைக் கிழித்துக் கான்ட்ராக்டை வெளியே எடுத்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரும் கையுமாகச் சோபாவில் இருந்தார். ஹாலை ஒரு நடை நடந்தேன். பக்கத்து வீட்டில் ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. ஒரு குரல் கொடுத்தேன். இரண்டாவது குரல் கொடுத்தேன். மூன்றாவதற்கு மூச்சை இழுத்துவிட்டு, அந்த ஜன்னல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சோபாவில் இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்த என் வீட்டுக்காரர், பேப்பரைக் கீழே இறக்காமலேயே அந்த மூன்றாவது "ஊஊஊ"வைக் கொடுத்தார். நான் பட்டனை அழுத்தினேன்.