மிஸ்டர் வீராசாமியின் சாப்பாடு

ஒரு நாட்டைப் பற்றிப் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு, அந்த நாட்டுக்காரர் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போகக் கூடாது. தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில், ஸ்காபரோவில் நான் அதைத்தான் செய்தேன்.

இந்திரா என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்தவள். கயானாக்காரி. தகப்பன் மிஸ்டர் வீராசாமி முந்தைய வருடம் மாரடைப்பில் போய்விட்டார். தாய்க்கு என்னைப் பிடிக்கவில்லை. "நாங்கள் யார், எங்கிருந்து வந்தோம் என்று உன் சிலோன்காரனுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டாராம். அவர் சம்மதிக்காவிட்டால் கல்யாணம் இல்லை என்று இந்திரா சொல்லிவிட்டாள்.

ஆகவே நூலகத்தில் இருந்து கயானாவைக் கரைத்துக் குடித்தேன். தென்னமெரிக்காவின் வடக்கு ஓரம். சனம் பெரும்பாலும் கரையோரத்தில். அந்தக் கரை கடல் மட்டத்துக்குக் கீழே. ஒரு நீண்ட சுவர்தான் தண்ணீரை மறித்து வைத்திருக்கிறது. உள்ளே பூர்வகுடிகள் வாழும் அடர்காடு, எஸக்கீபோ என்ற பெரிய ஆறு. முதலில் ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர். (ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தையும் ஆண்டவர்கள். அதை வைத்துச் சொந்தம் கொண்டாடலாம் என்று திட்டம்.) ஆப்பிரிக்க அடிமைகளுக்கு விடுதலை கிடைத்ததும் கரும்பு வெட்ட இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள். சென்னையில் ஏறியவர்களும் உண்டு.

டோர்செட் பார்க் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த கந்தையா அண்ணை வேறொன்று சொன்னார். "வைச்ச சாப்பாட்டை உடன சாப்பிடும். யோசிச்சீரெண்டால், சாதி பாக்கிறான் எண்டு நினைப்பினம்."

நவம்பர் மாதம். இந்திரா ஏழு மணிக்குச் சாப்பிட வரச் சொல்லியிருந்தாள். பதற்றத்தில் ஒரு மணி முந்திப் போய்விட்டேன். வாசல் கதவு பாதி திறந்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனேன். முன்னறையில் ஒரு மெழுகுதிரி மட்டும் எரிந்தது. மேசையில் ஒரேயொரு தட்டு: சோறு, மீன்கறி, பாகற்காய். பக்கத்தில் ஒரு கிளாஸ் ரம். கதிரை, ஆள் வந்து இருப்பதற்காகவே இழுத்து வைத்ததுபோல் விலகியிருந்தது. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடுவது கேட்டது. மாப்பிள்ளையைப் பார்க்க வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். (என் மூளை அவ்வளவுதான்.) இருந்தேன், சாப்பிட்டேன், ரம்மையும் மிச்சம் வைக்கவில்லை. தட்டை வழிக்கும்போது மெழுகுதிரி அணைந்தது.

உள்ளறைக் கதவு திறந்து வெளிச்சம் விழுந்தது. இந்திராவும் தாயும். தாயின் பார்வை என் தலைக்கு மேலே நின்றது. திரும்பிப் பார்த்தேன். மாலை போட்ட படத்தில் மிஸ்டர் வீராசாமி. அன்று அவருடைய ஆண்டுத் திவசம். அவருக்குப் படைத்து, வந்து சாப்பிட வாசலைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் செய்வோம். தென்னமெரிக்காவில் படையல் இருக்கும் என்று யார் கண்டது?

தாய் மெதுவாகக் கேட்டார். (கயானா ஆங்கிலம்தான். பயத்தில் எனக்கு யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்டது.)

"வந்திட்டியளோ? பெட்டித் திறப்பை எங்க வைச்சனியள்?"

தாயின் கல்யாண நகையெல்லாம் ஒரு இரும்புப் பெட்டிக்குள். திறப்பு, அந்தப் பெட்டிச் சாவி, இருக்கும் இடத்தைச் சொல்லாமலே மனிதர் போய்விட்டார். பூட்டை உடைக்கவும் அந்த அம்மா விடவில்லை, கணவருடைய உடுப்புகளைத் தொடவும் விடவில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரம் எனக்கு ஓட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. நான் போகிறேன் என்று வாசலைக் கையால் காட்டினேன்.

வாசல் கதவின் பின்னால் மிஸ்டர் வீராசாமியின் பழைய குளிர் ஜாக்கெட் தொங்கியது. இந்திரா அதன் பொக்கெற்றில் கையை விட்டாள். திறப்பு வந்தது.

அன்றே சம்மதம். கயானாவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இன்றும் அந்தக் குடும்பத்தில் எது தொலைந்தாலும் எனக்குத்தான் போன். "அப்பாவிடம் கேள்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். நானும் வாய்க்கு வந்த இடத்தைச் சொல்வேன். போன கிழமை மாமியின் கண்ணாடி. அரிசி வாளிக்குள் பாருங்கள் என்றேன், பகிடியாக. அங்கேதான் இருந்தது. அந்தப் பக்கம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் போனை வைத்துவிட்டு வீட்டிலுள்ள எல்லா லைற்றையும் போட்டேன்.